விடுதி, லாட்ஜ், ஹாட்ஸ்பாட்: கட்டுப்பாடுள்ள நெட்வொர்க்கில் கேம் கன்சோலை இணைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் இப்போது பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் சகஜமாக வருகின்றன. வீட்டில் மாதக்கணக்கில் நன்றாக ஓடிய கன்சோலைக் கல்லூரி விடுதிக்கு எடுத்துப் போனதும் இணையம் வர மறுக்கிறது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் அறை எடுத்தால் அங்கேயும் இதே கதை. இந்த ராமநாதபுரம் கரையோரத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பதால், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் முன்னால் இருப்பது எந்த வகைத் தடை என்று தெரியாமல் செட்டிங்ஸை மாற்றக் கூடாது. தடை எது என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் அதைக் கட்டுப்படுத்துகிற ஆளிடம் முறையாகக் கேட்பதுதான் மிக வேகமான வழி.

வீட்டில் ஓடிய கன்சோல் விடுதியில் ஏன் இணையவில்லை? கன்சோல் பழுதா?

கன்சோல் பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீட்டு வைஃபை ஒரே ஒரு கடவுச்சொல்தான் கேட்கும். கல்லூரி, விடுதி, லாட்ஜ், ரயில்நிலையம் போன்ற இடங்களில் அதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வசதி கன்சோலில் இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது.

நம் பக்கம் நான் பார்க்கும் தடைகள் இவை. முதலாவது, உள்நுழைவுப் பக்கம். வைஃபையில் சேர்ந்ததும் உலாவியில் ஒரு பக்கம் திறந்து ஃபோன் எண், ஓடிபி, அறை எண் என்று கேட்கும். பொது வைஃபை தருகிறவர்கள் அதை யார் பயன்படுத்தினார்கள் என்று அடையாளம் காட்ட வேண்டும் என்பது அரசு விதி. ஓடிபி கேட்பது அதனால்தான். இரண்டாவது, பதிவு செய்த சாதனங்களுக்கு மட்டும் அனுமதி. உங்கள் கன்சோலின் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) அவர்களுடைய பட்டியலில் இல்லையென்றால் வைஃபையில் சேரும், ஆனால் இணையம் வராது. மூன்றாவது, ஆளுக்கொரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் எண்டர்பிரைஸ் வைஃபை. பொறியியல் கல்லூரிகளில் இது அதிகம். நான்காவது, ஃபயர்வால், அதாவது எந்தத் தகவல் போகலாம், வரலாம் என்று வடிகட்டும் காவல். இணையம் வரும், யூடியூப் ஓடும், விளையாட்டு மட்டும் சேராது. ஒரு மாணவருக்கு இரண்டு சாதனம்தான் என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சில இடங்களில் உண்டு. ஃபோனும் லேப்டாப்பும் அந்த இரண்டு இடத்தையும் பிடித்துவிட்டால் கன்சோலுக்கு இடமே இருக்காது.

எந்தத் தடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்சோலிலேயே சோதனை இருக்கிறது. பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ் போய் 'டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன்' அழுத்துங்கள். எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ். நின்டெண்டோ சுவிட்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இன்டர்நெட்.

சோதனை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். வைஃபை பட்டியலில் பெயரைத் தொட்டதும் பயனர்பெயர் கேட்காமலேயே 'இணைக்க முடியாது' என்று வந்தால் அது எண்டர்பிரைஸ் வைஃபை. ஐபி முகவரி கிடைத்து, இணையச் சோதனையில் மட்டும் தோற்றால் உள்நுழைவுப் பக்கம் அல்லது மேக் பட்டியல். இந்த இரண்டில் எது என்று அறிய அதே வைஃபையில் உங்கள் ஃபோனைச் சேருங்கள். ஃபோனில் உள்நுழைவுப் பக்கம் திறந்தால் தடை அதுதான். பக்கமும் இல்லை, ஃபோனிலும் இணையம் இல்லை என்றால் மேக் பட்டியல். எல்லாப் படியும் தாண்டி நாட் டைப் (ஒரே இணைய முகவரியைப் பல சாதனங்கள் பகிரும் முறைதான் நாட், கீழே விளக்கியிருக்கிறேன்) மட்டும் 3 என்றோ 'ஸ்ட்ரிக்ட்' என்றோ வந்தால் ஃபயர்வால் அல்லது நாட் பிரச்சினை.

உள்நுழைவுப் பக்கம் ஃபோனில் திறக்கிறது, கன்சோலில் திறக்கவில்லை. என்ன செய்ய?

முதலில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) அமைப்பைப் பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொல்லி 8.8.8.8 என்று நீங்களே போட்டு வைத்திருந்தால் அதை 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்றுங்கள். அந்தப் பக்கத்தைக் காட்டுவதே லாட்ஜின் டிஎன்எஸ்தான் என்கிற இடங்கள் உண்டு. வேறு டிஎன்எஸ் போட்டிருந்தால் அங்கே பக்கம் வராது. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

எக்ஸ்பாக்ஸில் எட்ஜ் உலாவி இருப்பதால் கவலை குறைவு. அதைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போக முயன்றால் உள்நுழைவுப் பக்கம் முன்னால் வந்து நிற்கும். சுவிட்ச், 'இந்த நெட்வொர்க்குக்குப் பதிவு தேவை' என்று சொல்லித் தானே ஒரு சின்ன உலாவியைத் திறக்கும். பிஎஸ்4-இல் உலாவி தனியாகவே உண்டு. சிக்கல் பிஎஸ்5-இல்தான். அதன் மெனுவில் உலாவி என்று எதுவும் இல்லை. பக்கம் தானாகத் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாம் திறக்க நேரடி வழி கிடையாது.

அப்படிப்பட்ட இடத்துக்குச் சின்னப் பயண ரூட்டர் கைகொடுக்கும். லாட்ஜ் வைஃபையை அது வாங்கி, உங்கள் அறைக்குள் தனி வைஃபையாகக் கொடுக்கும். பெட்டியின் மேல் 'விஸ்ப் மோட்' அல்லது 'ஹாட்ஸ்பாட் மோட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த ரூட்டரின் வைஃபையில் ஃபோனைச் சேர்த்து, உள்நுழைவுப் பக்கத்தில் ஒருமுறை ஓடிபி போட்டால் போதும். வெளியே இருக்கும் நெட்வொர்க்குக்கு ரூட்டர் ஒரே சாதனமாகத் தெரியும். உள்ளே கன்சோல், ஃபோன், டிவி எல்லாம் ஓடும். லாட்ஜில் காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் இதைச் செய்யலாம், ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கல்லூரி விடுதியில் பல இடங்களில் சொந்த ரூட்டருக்கே தடை இருக்கிறது. அங்கே கேட்காமல் வைக்காதீர்கள், அடுத்த அறைக்காரர்களின் வைஃபையும் அதனால் கெடும்.

ஓடிபி போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, காலையில் பார்த்தால் இல்லை என்கிறவர்கள் நேரக் கெடுவைக் கவனியுங்கள். பல லாட்ஜ்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி உள்நுழைய வேண்டும். இரவெல்லாம் இறங்கட்டும் என்று போட்டுவிட்டுத் தூங்கிய டவுன்லோட் நடுவில் நின்றுபோவது இதனால்தான்.

ரயில்நிலைய வைஃபையில் டவுன்லோட் போடலாமா?

வேண்டாம். ரயில்நிலையங்களின் ரயில்வயர் வைஃபையில் நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். அரை மணி நேரத்தில் இறங்குவது 225 எம்பிதான். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 50 ஜிபி, 100 ஜிபி.

மேக் முகவரி எங்கே இருக்கிறது? அதை வைத்து என்ன செய்வது?

பிஎஸ்5: செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், கன்சோல் இன்ஃபர்மேஷன். பிஎஸ்4: செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் இன்ஃபர்மேஷன். எக்ஸ்பாக்ஸ்: நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். சுவிட்ச்: சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் இன்டர்நெட். எண்களும் சில ஆங்கில எழுத்துகளும் கலந்து மொத்தம் 12 குறிகள் இருக்கும். லேன் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு முகவரிகள் இருக்கலாம். எந்த வழியில் இணைக்கப் போகிறீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். கேபிள் முகவரியைப் பதிவு செய்துவிட்டு வைஃபையில் முயல்கிறவர்கள் நிறையப் பேர்.

பூஜ்யத்தையும் எழுத்தையும் குழப்பாமல் இருக்க, திரையை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். கூடவே முறையாக ஒரு கடிதம். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் இரண்டாம் ஆண்டு மாணவன், விடுதி அறை எண் இன்னது. என்னிடம் ஒரு பிஎஸ்5 விளையாட்டுக் கன்சோல் இருக்கிறது. அதில் உலாவி இல்லாததால் நம் வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. அதன் வைஃபை மேக் முகவரியை இத்துடன் இணைத்துள்ளேன். இதை என் பெயரில் பதிவு செய்து, மாலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டும் அனுமதித்தாலும் போதும். பெரிய டவுன்லோடுகளை விடுதி நெட்வொர்க்கில் செய்ய மாட்டேன். இதனால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் வந்தால் உடனே நிறுத்திவிடுகிறேன். தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்."

இந்தக் கடிதத்தில் வேலை செய்வது கடைசி வரிகள். வார்டனுக்கும் சிஸ்டம் அட்மினுக்கும் விளையாட்டின் மேல் கோபம் கிடையாது. ஒருவர் 100 ஜிபி இறக்க, நாற்பது பேருடைய ஆன்லைன் வகுப்பு தடுமாறுமே என்பதுதான் அவர்களுடைய பயம். அந்தப் பயத்தை நீங்களே முதலில் தீர்த்துவிட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். முடியாது என்றால் அது அவர்களுடைய நெட்வொர்க், அவர்களுடைய முடிவு. அப்புறம் ஹாட்ஸ்பாட் பக்கம் போகலாம்.

கல்லூரி வைஃபை பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. கன்சோலில் அதற்கான இடமே இல்லையே?

இல்லைதான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், சுவிட்ச் மூன்றுமே எண்டர்பிரைஸ் வகை வைஃபையில் நேரடியாகச் சேராது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் சேராது. கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் மட்டும் விலக்கு. அது உள்ளுக்குள் ஒரு லினக்ஸ் கணினி என்பதால் டெஸ்க்டாப் மோடுக்குப் போய் பயனர்பெயர் கொடுத்துச் சேர்க்கலாம்.

மற்றவற்றுக்கு மூன்று வழிகள். அறையில் லேன் புள்ளி இருந்தால் அதற்குப் பெரும்பாலும் மேக் பதிவு மட்டும் போதும், கேளுங்கள். அச்சுப்பொறி, டிவி போன்றவற்றுக்காகக் கல்லூரியில் தனி வைஃபை பெயர் ஒன்று வைத்திருப்பார்கள், அதில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது, லேப்டாப் வழியாகப் பகிர்வது.

லேப்டாப் வழியாகப் பகிர்வது எப்படி?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' இருக்கிறது. லேப்டாப் கல்லூரி வைஃபையில் உங்கள் பெயரில் நுழைந்திருக்கும். அதே இணையத்தை இன்னொரு வைஃபையாக வெளியே விடும். கன்சோல் அதில் சேரும். கன்சோலுக்கு 192.168.137 என்று தொடங்கும் ஐபி கிடைத்தால் பகிர்வு வேலை செய்கிறது என்று பொருள். வைஃபை தடுமாறினால் லேப்டாப்புக்கும் கன்சோலுக்கும் இடையே ஒரு லேன் கேபிள் போட்டும் பகிரலாம்.

இங்கே நாட் இரண்டு அடுக்காகிவிடும். டவுன்லோடும் பெரிய சர்வர் விளையாட்டுகளும் ஓடும், நண்பர்களோடு பேசும் பார்ட்டி சாட் தகராறு செய்யலாம். அந்த இணையத்தில் நடப்பதெல்லாம் உங்கள் பயனர்பெயரில்தான் பதிவாகும். பக்கத்து அறைக்காரருக்கு ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். பகிரக் கூடாது என்று கல்லூரி விதியில் இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் விளையாடலாமா? டேட்டா எவ்வளவு போகும்?

விளையாட மட்டும் என்றால் தாராளமாக. பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு 150 எம்பிக்குள் அடங்கிவிடும். டேட்டாவைத் தின்பது அப்டேட்டுகள். தினம் 2 ஜிபி திட்டத்தில் இருக்கிறவர் கன்சோலை ஹாட்ஸ்பாட்டில் போட்டு நிமிர்வதற்குள், பின்னணியில் ஒரு அப்டேட் தொடங்கி அன்றைய டேட்டா முழுவதும் போயிருக்கும். அதனால் ஹாட்ஸ்பாட்டில் சேர்வதற்கு முன்பே தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். பிஎஸ்5-இல் 'சேவ்டு டேட்டா அண்ட் கேம்/ஆப் செட்டிங்ஸ்' பகுதியிலும், எக்ஸ்பாக்ஸில் சிஸ்டம், அப்டேட்ஸ் பகுதியிலும் அது இருக்கிறது.

ஹாட்ஸ்பாட் பெயரே கன்சோலில் தெரியவில்லையா? 2013-இல் வந்த முதல் பிஎஸ்4 மாடலில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிடையாது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டை 2.4-க்கு மாற்றுங்கள். ஐஃபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்தால் அதுவே 2.4-க்கு வந்துவிடும். மற்ற கன்சோல்களுக்கு, ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸே நல்லது.

உச்சிப்புளி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் மாலை ஏழு மணிக்கு மேல் டவரில் கூட்டம் ஏறிவிடுகிறது. வேகத்தை விடப் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஏறி இறங்குவதுதான் விளையாட்டைக் கெடுக்கும். ஃபோனை ஜன்னல் ஓரம் வைத்து, அதில் யுஎஸ்பி-லேன் அடாப்டர் மாட்டிக் கேபிள் வழியாகவோ, கன்சோலை அருகிலேயே வைத்தோ இணைத்தால் ஓரளவு நிலைப்படும். 4ஜி, 5ஜி இடையே ஃபோன் மாறி மாறித் தாவினால் ஏதாவது ஒன்றில் நிறுத்தி வையுங்கள்.

தனுஷ்கோடி பக்கம் போனால் ஹாட்ஸ்பாட் திடீரென்று நின்றுவிடுகிறதே?

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் போனால் ஃபோன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று செய்தி வருவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். சர்வதேச ரோமிங் இல்லாத சிம் என்றால் டேட்டா நின்றுபோகும். ரோமிங் இருக்கிற சிம் என்றால் பில் ஏறும். வளைகுடா போய்வருகிறவர்களின் சிம்மில் ரோமிங் ஆன் ஆகவே கிடக்கும் என்பதால் அவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். டேட்டா ரோமிங்கை நிறுத்திவிட்டு, நெட்வொர்க் தேர்வை 'மேனுவல்' ஆக்கி உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். சுவிட்ச் அல்லது ஸ்டீம் டெக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாட் டைப் என்றால் என்ன? 3 வந்தால் பயப்பட வேண்டுமா?

வெளியிலிருந்து வரும் தகவல் உங்கள் கன்சோல் வரை வந்து சேர எவ்வளவு வழி திறந்திருக்கிறது என்பதன் அளவு அது. பிளேஸ்டேஷன் 1, 2, 3 என்று சொல்லும். எக்ஸ்பாக்ஸ் 'ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட்' என்று சொல்லும். நின்டெண்டோ ஏ, பி, சி, டி, எஃப் என்று எழுத்தில் சொல்லும். ரூட்டருக்குப் பின்னால் இருக்கிற எந்த வீட்டிலும் 2 வருவது இயல்பு. 1 வர வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள்.

3 வந்தாலும் டவுன்லோடு, தனியாள் விளையாட்டு, நிறுவனத்தின் சர்வரில் நடக்கும் விளையாட்டு எல்லாம் ஓடும். அடி வாங்குவது கன்சோலுக்கும் கன்சோலுக்கும் நேரடியாகப் பேசும் விளையாட்டுகளும் குரல் அரட்டையும்தான். சுவிட்சின் பல விளையாட்டுகள் அந்த வகை என்பதால் சுவிட்ச்காரர்களுக்கு இது அதிகமாகத் தெரியும்.

ஃபயர்வாலைத் திறக்க அட்மினிடம் கேட்பதானால் போர்ட் எண்களோடு கேளுங்கள். போர்ட் என்பது தகவல் போய்வரும் வாசல், டிசிபி, யுடிபி இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள். பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 80, 443, 3478, 3479, 3480. யுடிபி 3478, 3479. எக்ஸ்பாக்ஸுக்கு டிசிபி, யுடிபி இரண்டிலும் 3074 மற்றும் 53. அதோடு டிசிபி 80. யுடிபி 88, 500, 3544, 4500. உள்ளிருந்து வெளியே போகும் யுடிபியைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். 'கேம் போர்ட்டைத் திறந்துவிடுங்க சார்' என்று பொதுவாகக் கேட்டால் எந்த அட்மினும் திறக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் சொந்த ஃபைபர். விடுதியும் இல்லை, லாட்ஜும் இல்லை. ஆனாலும் ஸ்ட்ரிக்ட் என்று வருகிறதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டியிருந்தால் நாட் இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்'டுக்கு மாற்றுங்கள், தீர்ந்தது.

இன்னொரு காரணம் சிஜிநாட். ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகள் தட்டுப்பாடு என்பதால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. லாட்ஜுக்கு ஒரே ஃபோன் எண் இருந்து, எல்லா அறையிலிருந்தும் வெளியே பேச முடிந்தும், வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் நேராக உங்கள் அறைக்கு வர முடியாத நிலை போன்றது இது. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) எது என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநாட்தான். அப்போது வீட்டு ரூட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. நிறுவனத்திடம் ஸ்டேடிக் ஐபி கேட்கலாம், தனிக் கட்டணம் உண்டு. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் காசு கொடுப்பதற்கு முன் ரூட்டரில் புதிய வகை முகவரியான ஐபிவி6 ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

விபிஎன் போட்டால் எல்லாத் தடையும் போய்விடும் என்கிறார்களே?

விபிஎன் என்பது உங்கள் தகவலை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. கன்சோல்களில் விபிஎன் ஆப் கிடையாது. லேப்டாப்பிலோ ரூட்டரிலோ போட்டுத்தான் கன்சோலுக்குக் கொடுக்க வேண்டும். 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொண்டுவந்த விதிப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றானதும், பெரிய நிறுவனங்கள் பல தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. அதனால் மும்பையில் இருக்கும் விளையாட்டு சர்வருக்குப் போக வேண்டிய தகவல் சிங்கப்பூர் சுற்றிக்கொண்டு வரும். பிங் இரண்டு மூன்று மடங்கு ஆனால் பந்தயமோ துப்பாக்கிச் சண்டையோ விளையாட முடியாது. கல்லூரி ஃபயர்வாலைத் தாண்டுவதற்காகப் போட்டால் விதிமீறல் என்று உங்கள் பெயரில் பதிவாகும். ஒரு விளையாட்டுக்காகக் கல்லூரி இணையம் முழுவதையும் இழந்து, தேர்வு நேரத்தில் அலைய வேண்டாம். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இணையமே சரியாக இல்லாத இடத்தில் கன்சோலை எப்படி ஓட்டுவது?

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் நல்ல இணையத்தில் சில வேலைகளை முடித்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோலை முதன்முதலாகத் தொடங்க இணையம் கட்டாயம். பிஎஸ்5 ஸ்லிம், ப்ரோவுக்குத் தனியாக வாங்கி மாட்டும் டிஸ்க் டிரைவையும் முதல் முறை இணையத்தில் இணைத்தே பதிவு செய்ய வேண்டும். பிஎஸ்5-இல் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' ஆன் ஆகியிருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' ஆக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் விளையாட்டே இணையம் இல்லாதபோது பூட்டிக்கொள்ளும்.

சிஸ்டம் அப்டேட்டை யுஎஸ்பி வழியாகவும் போடலாம். சோனியின் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, அவர்கள் சொன்ன பெயரிலேயே ஃபோல்டர்களை அமைத்துப் பென்டிரைவில் வைத்து, சேஃப் மோடில் கன்சோலைத் திறந்தால் எடுத்துக்கொள்ளும். ராமநாதபுரத்தில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கிக்கொண்டு வந்தாலே போதும். விளையாட்டுகளின் அப்டேட்டை மட்டும் இப்படிப் போட முடியாது, அவை கன்சோலில்தான் இறங்க வேண்டும்.

எல்லாம் இணைந்துவிட்டது, சோதனையும் பாஸ். ஆனாலும் ஆன்லைனில் ஆட விடவில்லை?

சந்தா இருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான விளையாட்டுகளை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் அல்லது கேம் பாஸ் வேண்டும். இலவச விளையாட்டுகளுக்கு வேண்டாம்.

வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய கன்சோல். இங்கே ஓடுமா? அங்கிருந்து அவரும் இங்கிருந்து நானும் சேர்ந்து விளையாட முடியுமா?

ஓடும். பிஎஸ்5-க்கு 100 முதல் 240 வோல்ட் வரை எதுவும் சரி, பிளக் அடாப்டர் ஒன்று வேண்டியிருக்கலாம். டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியதாக இருந்தாலும் ஏற்கும். கூடுதல் உள்ளடக்கம் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. டிஸ்க் அங்கே வாங்கியது, கணக்கு இந்தியக் கணக்கு என்றால் இங்கே வாங்கும் டிஎல்சி அதில் சேராமல் போகலாம். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி வீட்டு வைஃபையை மட்டும் காட்டவில்லை என்றால் ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே விற்கும் பல கருவிகள் அந்தச் சேனல்களைப் பயன்படுத்துவதில்லை. 1, 6, 11-இல் ஏதாவது ஒன்றுக்கு மாற்றினால் தெரியும்.

வாப்பாவோடு விளையாட முடியும், கட்டாயம் முயலுங்கள். இருவரும் சர்வர் வழியாக நடக்கும் விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தால் நாட் தொல்லை குறையும். இங்கே இரவு 10 மணி என்றால் துபாயில் 8.30, சவூதியில் 7.30. அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கும் நீங்கள் படிப்பை முடிக்கும் நேரத்துக்கும் பொதுவாக ஒரு மணி நேரம் கிடைக்கும். அவர் தங்கியிருக்கும் கேம்ப் வைஃபையிலும் இங்கே சொன்ன தடைகள் எல்லாம் இருக்கும் என்பதால் அவரையும் நாட் டைப் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் மகனோடு விளையாடுவதற்காகவே வீட்டுக்கு ஃபைபர் போடச் சொன்ன தகப்பன்மார்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்த வேலைகளை நான் தனிக் கவனத்தோடுதான் செய்கிறேன்.

கேபிள் போட்டும் வேகம் 100-ஐத் தாண்டவில்லை. கடல் காற்றா காரணம்?

பெரும்பாலும் ஆம். லேன் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு ஊசிகள் வரிசையாக மினுங்க வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டின் மேல் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் உப்பு வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். ஆயிரம் எம்பிபிஎஸ் ஓட நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், நூறு ஓட இரண்டு ஜோடி போதும். நூறுக்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒரு ஊசி கெட்டால், இணைப்பு அறுபடாமல் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடுகிறது. வேகம் சரியாக 94, 95 என்று நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். அதிகம் படிந்திருந்தால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்வதே மேல்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கமும், வாடை அடிக்கும்போது வடகடல் பக்கமும் இது அதிகம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கன்சோலை வைக்காதீர்கள், அதன் விசிறி உப்புக் காற்றை உள்ளே இழுக்கும். பயன்படுத்தாத லேன் துளைகளுக்குச் சின்ன ரப்பர் மூடிகள் கிடைக்கின்றன, மாட்டி வையுங்கள். காற்று பலமாக அடித்த மறுநாள் இணையமே இல்லையென்றால் ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் வெளியே வயர் போய்விட்டது. கன்சோலில் எதையும் மாற்ற வேண்டாம், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்துவிட்டார்களாமே? பிள்ளை மாட்டிக்கொள்வானா?

பயப்பட வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வது, பணம் ஜெயிக்கலாம் என்று பணத்தைக் கட்டி ஆடும் விளையாட்டுகளை. தமிழ்நாட்டின் 2022 சட்டமும் ஆன்லைன் சூதாட்டத்தைத்தான் குறிவைக்கிறது. பிள்ளைகள் கன்சோலில் ஆடும் கால்பந்து, கார்ப் பந்தயம் எல்லாம் இதில் வராது. விளையாட்டுக்குள்ளேயே பொருள் வாங்குவது வேறு விஷயம், அதற்குக் கன்சோலின் பெற்றோர் கட்டுப்பாட்டில் செலவு வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். விளையாடும் நேரத்தையும் அங்கேயே வரையறுக்கலாம்.

நான் ஒரு விடுதியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் கன்சோலுக்கு அனுமதி கேட்டால் என்ன செய்வது?

கேட்டு வருகிற மாணவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். கேட்காமல் ரூட்டர் மாட்டுகிறவரால்தான் உங்களுக்குத் தலைவலி. கன்சோல்களுக்கென்று தனி வைஃபை பெயரும் தனி விலேனும் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) போடுங்கள், மேக் பதிவு மட்டும் போதும். ஒரு கன்சோலுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வரம்பு வையுங்கள். விளையாட அது தாராளம், அந்த வரம்பில் 100 ஜிபி இறக்கவும் யாரும் ஆசைப்பட மாட்டார்கள். டவுன்லோடுக்குத்தான் வழி வேண்டுமென்றால் நள்ளிரவு 1 மணியிலிருந்து 5 மணி வரை வரம்பைத் தளர்த்துங்கள், ரெஸ்ட் மோடில் தானே இறங்கிவிடும். வெளியே போகும் யுடிபியை இந்த விலேனுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை, சாதனங்கள் தாமே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியும் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயர், அறை எண், மேக் முகவரி மூன்றையும் எழுதி, ஆண்டு முடிவில் விடுதியைக் காலி செய்யும்போது நீக்கிவிடுங்கள். பிஎஸ்5-இன் இரண்டு மேக் முகவரிகளில் எதைப் பதிவு செய்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள், அடுத்த மாதம் அதே மாணவர் கேபிளோடு வந்து நிற்பார்.